நான்கு ஆண்டு பி.எட். படிப்பில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ படிக்கிறாள். கணிதம் நன்றாக வரும். டீச்சர் ஆக வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே சொல்கிறாள். பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு ஆண்டுப் படிப்பு இருக்கிறது, அதில் சேர்த்தால் ஓர் ஆண்டு மிச்சம் என்கிறார்கள். உறவினர் ஒருவரோ கல்வியியலையே பி.ஏ.வாகப் படிக்க வைக்கலாம் என்கிறார். அவள் அப்பா தையல்காரர். செலவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எதில் சேர்ப்பது?

பதில்: அம்மா, உறவினர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடலாம். கல்வியியலைப் பாடமாக எடுத்துப் படிக்கும் பி.ஏ. பட்டம் வேறு, பி.எட். வேறு. கல்வியின் வரலாறு, தத்துவம், உளவியல், சமூகவியல் எல்லாம் அந்த பி.ஏ.வில் உண்டு. மேற்கு வங்கம், ஒடிசா பக்கம் பலர் படிக்கிறார்கள். நல்ல படிப்புதான். ஆனால் அதை வைத்துப் பள்ளி ஆசிரியர் ஆக முடியாது. அதற்கு என்.சி.டி.இ. என்கிற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் படிப்பு வேண்டும். பெயரில் 'கல்வி' என்று இருப்பதைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, மூன்று ஆண்டு கழித்து மறுபடி பி.எட்.டுக்கு அலைகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

அடுத்து, அவள் எந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆசைப்படுகிறாள் என்று கேளுங்கள். 'டீச்சர்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது அரசு ஆணையில் மூன்று பதவி. ஒன்று முதல் ஐந்து வரை இடைநிலை ஆசிரியர். அதற்கு பிளஸ் டூ முடித்து இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயமும், டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளும் போதும். அந்த வகுப்புகளுக்கு பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சின்னக் குழந்தைகளோடு இருக்கத்தான் அவளுக்குப் பிடிக்கும் என்றால் பேச்சு இத்தோடு முடிந்தது, பட்டயத்தில் சேருங்கள். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர். அதற்குப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், டெட் இரண்டாம் தாளும் தேற வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு முதுநிலை ஆசிரியர். அதே பாடத்தில் முதுகலையும் பி.எட்.டும் கேட்பார்கள். கணிதத்தில் ஆர்வம் என்று எழுதியிருப்பதால் பின்னிரண்டில் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு ஆண்டுப் படிப்பு இப்போது வந்த புதுச் சரக்கு அல்ல. மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் 1963இல் தொடங்கியது. பள்ளிப் பாடப்புத்தகங்கள் தயாரிக்கும் மத்திய நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் இயங்குகிறது, தமிழ்நாடு உட்பட தென்மாநிலங்களுக்கெல்லாம் பொதுவானது. பி.எஸ்சி.யும் பி.எட்.டும் இணைந்த படிப்பை அங்கே பல பத்தாண்டுகளாக நடத்துகிறார்கள். வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளியும் இருக்கிறது. காலையில் கற்பித்தல் முறையைப் படித்துவிட்டு அதே வளாகத்துப் பிள்ளைகளிடம் போய் அதைப் பார்க்கலாம். ஆசிரியர் பயிற்சிக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று ஒரு சின்ன கணக்கை வைத்து விளக்குகிறேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஏழாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஐந்தில் இரண்டு என்று எழுதும். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. பி.எஸ்சி. கணிதம் படித்தவருக்கு விடை ஆறில் ஐந்து என்று தெரியும். மீச்சிறு பொது மடங்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார், பிள்ளை பார்த்து எழுதிக்கொள்ளும், அடுத்த வாரம் மறுபடி ஐந்தில் இரண்டு என்று எழுதும். அந்தப் பிள்ளை பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்கவில்லை, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு எண்களாகப் பார்க்கிறது. இதைக் கண்டுபிடிப்பதுதான் ஆசிரியர் வேலை. 'அரை தோசை வைத்திருக்கிறாய், இன்னும் கொஞ்சம் தருகிறேன். இப்போது உன்னிடம் இருப்பது அரை தோசையைவிடக் குறையுமா?' என்று கேட்டால், ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது என்று பிள்ளையே தடுமாறி நிற்கும். அந்தத் தடுமாற்றத்திலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. கணிதத்தை ஒரு கல்லூரியில் மூன்று ஆண்டு, கற்பிப்பதை இன்னொரு கல்லூரியில் இரண்டு ஆண்டு என்று பிரித்துப் படித்தவருக்கு இரண்டும் தனித்தனியாகவே தங்கிவிடும் ஆபத்து உண்டு. கூடவே படித்தால் ஒவ்வொரு பாடத்தையும் 'இதை ஒரு பிள்ளை எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளும்?' என்ற கேள்வியோடு படிக்கப் பழகும். நான்கு ஆண்டுப் படிப்பின் உண்மையான இலாபம் இதுதான். மிச்சமாகும் ஓர் ஆண்டை நான் பெரிதாக எண்ணவில்லை.

2020இன் தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் இந்த நான்கு ஆண்டுப் படிப்பே ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது. அதையொட்டி 2023–24இல் ஐ.டி.இ.பி. என்ற பெயரில் புதிய ஒருங்கிணைந்த படிப்பு தொடங்கியது. பழைய பி.ஏ.பி.எட்., பி.எஸ்சி.பி.எட். நடத்தும் கல்லூரிகளையும் அதற்கு மாறச் சொல்லியிருக்கிறார்கள். 'இனி இரண்டு ஆண்டு பி.எட். செல்லாது' என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பட்டம் முடித்து பி.எட். சேர்வது இன்றும் நடக்கிறது.

இப்போது உங்கள் வீட்டு நிலைமைக்கு வருகிறேன். உங்கள் மகளின் கையில் இருக்கும் ஒரு பெரிய சொத்தைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2010இல் வந்த சட்டம். 2020இல் அதைத் திருத்தி, முதல் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பட்டதாரி ஆசிரியர் வேலை என்றால் பி.எஸ்சி.யும் பி.எட்.டும்கூட அதில் அடங்கும். பன்னிரண்டு ஆண்டு தமிழ்வழியில் படித்த பிள்ளை ஆங்கிலவழி நான்கு ஆண்டுப் படிப்பில் சேர்ந்த அன்றே இந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகிறது. அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்வழிக் கணிதம், பிறகு தமிழ்வழி பி.எட். என்று போனால் அது அப்படியே நிற்கும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் கல்லூரிக் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

ஆகவே என் கருத்து இது. ஐ.டி.இ.பி.யில் சேர்வதற்கான என்.சி.இ.டி. என்ற தேசிய நுழைவுத் தேர்வை அவள் எழுதட்டும், தமிழிலும் எழுதலாம். மைசூரிலோ திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலோ கணிதத்துக்கு இடம் கிடைத்து, ஆங்கிலவழிக்கு அவளும் துணிந்தால், ஒதுக்கீடு போனாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். அங்கே கிடைக்கும் பயிற்சி அந்த இழப்பை ஈடுகட்டும் என்று நம்புகிறேன். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்தியப் பள்ளிகளின் கதவும் திறந்திருக்கும். அந்த இடம் கிடைக்கவில்லை என்றால், கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் நான்கு ஆண்டுப் படிப்பு வேண்டாம். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், அதன்பின் கலந்தாய்வு வழியே அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் பி.எட். ஓர் ஆண்டு கூடும், கடன் இருக்காது. பதினேழு வயதில் எடுத்த முடிவை இருபது வயதில் மறுபரிசீலனை செய்யவும் இடம் இருக்கும்.

எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்புக்கு, இந்தக் கல்வியாண்டுக்கு என்.சி.டி.இ. அங்கீகார ஆணை இருக்கிறதா? கல்லூரிக்கு இருப்பது போதாது, படிப்புக்கு இருக்க வேண்டும், ஆணையைக் கண்ணால் பாருங்கள். பட்டச் சான்றிதழில் முதன்மைப் பாடம் 'கணிதம்' என்றே வருமா? சில ஒருங்கிணைந்த படிப்புகளில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் சமமாகப் படிப்பார்கள், அல்லது பட்டத்தின் பெயர் சற்று மாறியிருக்கும். டி.ஆர்.பி. என்கிற ஆசிரியர் தேர்வு வாரியம் சான்றிதழ் சரிபார்ப்பில், இந்தப் பட்டம் கணிதப் பட்டத்துக்குச் சமம் என்கிற இணைத்தன்மை அரசாணை எங்கே என்று கேட்டு நிற்க வைப்பது அங்கேதான். தேர்வில் தேறிய பிறகும் அந்த ஒரு தாள் இல்லாமல் அழுத பெண்களை அறிவேன். மூன்றாவது கேள்வி, கற்பித்தல் பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு, எத்தனை வாரம் அனுப்புகிறார்கள் என்பது. இரண்டு ஆண்டு பி.எட்.டில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது விதி. 'வராமலே படிக்கலாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்' என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே வாங்கும் சான்றிதழால் கெடப்போவது உங்கள் மகள் மட்டுமில்லை, நாளைக்கு அவள் முன்னால் உட்காரப்போகும் நாற்பது பிள்ளைகளும்தான்.

வேலை உறுதியா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எந்தப் படிப்பும் அரசு வேலையைக் கையில் தராது. டெட் தேர்வில் 150க்குப் பொதுப் பிரிவினர் 90 எடுக்க வேண்டும், மற்றவர்களுக்குத் தேர்ச்சி மதிப்பெண் அதைவிடக் குறைவு. அதற்கு மேல் டி.ஆர்.பி.யின் போட்டித் தேர்வு தனியாக இருக்கிறது. நியமனம் ஆனால் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்கும் காலம் நீளமானது, அதுவரை தனியார் பள்ளிச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். டெட் இரண்டாம் தாளில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60 மதிப்பெண். கணிதம் எடுத்தாலும் இயற்பியல், வேதியியலைக் கைவிடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

என்.சி.இ.டி. 2025இல் ஏப்ரல் கடைசியில் நடந்தது. விண்ணப்பிக்கும் காலம் பொதுத்தேர்வு நெருக்கடியிலேயே வந்து போய்விட்டது. அதனால் பொங்கல் முடிந்ததிலிருந்தே தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டு மொழி, மூன்று பாடம், பொது அறிவுப் பகுதி, கற்பித்தல் திறன் என்று கேட்பார்கள். பாடக் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டி வரும், பள்ளி நூலகத்தில் அந்தக் கணிதப் புத்தகம் இருக்கிறதா என்று அவளுடைய கணக்கு டீச்சரிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள்.