பழைய கார் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் ஏற்றலாமா?

ஏசி கேஸ் என்பது காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே விடும் வாயு. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவதால் அது தானாகத் தீராது. குறைந்தால் எங்கோ கசிகிறது. பழைய காரில் ரப்பர் குழாயும் சீல்களும் காய்ந்து கசியும். பஞ்சர் ஒட்டாமல் சைக்கிளுக்குக் காற்றடிப்பது போலத்தான், கசிவைப் பார்க்காமல் கேஸ் ஏற்றுவது.

ஏற்றுவதென்றால் முதலில் எந்த வகை கேஸ் என்று பானெட் ஸ்டிக்கரைப் பாருங்கள். 1990களின் தொடக்கம் வரை வந்த பல கார்களில் ஆர்-12 என்ற பழைய வகை கேஸ். அதனுடன் சுற்றும் எண்ணெய், பிறகு வந்த ஆர்-134ஏ கேஸுடன் கலக்காது, அப்படியே மாற்றி ஏற்றக் கூடாது. அப்புறம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். குறைந்த அழுத்தப் பக்கத்தில், அதாவது கேஸை அழுத்தும் கம்ப்ரசருக்குள் போகும் குழாயில் மட்டும் ஏற்றுங்கள். மறுபக்கம், அதிக அழுத்தக் குழாயில் இணைத்தால் கேஸ் கேனே வெடிக்கலாம்.

நிறைய ஏற்றினால் நிறையக் குளிரும் என்பது தவறு: அளவு மீறினால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசரும் கெடும்.