கடலுக்கும் காட்டுக்கும் ஒரே நாளில் எச்சரிக்கை வருவது ஏன்?

தெற்கு கலிபோர்னியா வானிலை அறிக்கையில் சில நாட்கள் படகுகளுக்குப் பலத்த காற்று எச்சரிக்கையும் மலைப்பகுதிக்குக் காட்டுத்தீ எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். இரண்டுக்கும் காரணம் ஒரே காற்றுதான்: சான்டா அனா. வழக்கமாகக் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அவ்வப்போது திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அதற்குத்தான் இந்தப் பெயர்.

கலிபோர்னியாவுக்குக் கிழக்கே நெவாடா, யூட்டா மாநிலங்கள் பக்கத்து மேட்டுநிலத்தில் தேங்கும் கனத்த, வறண்ட காற்று மலை இடுக்குகள் வழியே வேகமெடுத்துக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்க அழுத்தம் கூடி, காற்று நெருக்குண்டு சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே கதைதான். 1000 மீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும். ஈரப்பதம் சரிந்துவிடுவதால் ஏற்கெனவே வாடிய புதர்கள் மொறுமொறுவெனக் காய்கின்றன. அப்புறம் ஒரு பொறி போதும்.

சரி, கடலில் என்ன ஆபத்து? தெற்கு கலிபோர்னியா கரைக்கு எதிரே கடலில் இருக்கும் காட்டலினா தீவின் அவலான் துறைமுகத்தைப் பாருங்கள். வழக்கமான மேற்குக் காற்றைத் தீவே மறைத்துவிடும். ஆனால் துறைமுகத்தின் வாய் கலிபோர்னியா கரையை நோக்கி இருக்கிறது. சான்டா அனா நேரே உள்ளே புகுந்து, கட்டியிருக்கும் படகுகளைக்கூடக் கரையில் மோதவைக்கும்.

பாலைவன வெயில்தான் இந்தச் சூட்டைக் கொண்டுவருகிறது என்று பலர் நினைப்பது தவறு. புறப்படும்போது அந்தக் காற்று பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும், சூடேறுவது இறங்கும் வழியில்தான்.