மனிதருக்கும் கணினிக்கும் இடையிலான சதுரங்கப் போட்டிகளில் நிபந்தனைகள் நியாயமாக இருந்தனவா?

தொடக்க நகர்த்தல்களின் பெருந்தொகுப்பை நினைவகத்தில் வைத்துக்கொண்டு கணினி ஆடுவது, புத்தகத்தைத் திறந்து வைத்துத் தேர்வு எழுதுவதைப் போன்றதல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கிராண்ட்மாஸ்டர்களும் எண்ணற்ற தொடக்க வரிசைகளை மனப்பாடம் செய்துகொண்டுதான் பலகையின் முன் அமர்கிறார்கள். கணினிக்கு மறதி இல்லை என்பது அதன் இயல்பே தவிர, முறைகேடு ஆகாது. எதிராளியைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது, போட்டி தொடங்கிய பிறகு யார் எதை மாற்ற முடிந்தது என்ற இரண்டு கேள்விகளை வைத்தே நியாயத்தை அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த அளவுகோலில் மிக மோசமாகத் தேறுவது, அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவுக்கும் ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய டீப் புளூ கணினிக்கும் நியூயார்க்கில் 1997 மே மாதம் நடந்த போட்டி. காஸ்பரோவின் ஆட்டங்கள் அனைத்தும் பல ஆண்டுகளாக அச்சில் இருந்தன. அவற்றை அலசி இயந்திரத்தைத் தயார் செய்ய ஜோயல் பெஞ்சமின் முதலான கிராண்ட்மாஸ்டர்களை ஐபிஎம் நிறுவனம் அமர்த்தியிருந்தது. புதுப்பிக்கப்பட்ட டீப் புளூ ஆடிய ஆட்டங்களோ காஸ்பரோவுக்குக் காட்டப்படவில்லை. முந்தைய ஆண்டு பிலடெல்பியாவில் 4-2 என்று அவர் வென்ற இயந்திரத்தைக் கொண்டு இதை அவர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இடையில் நிரலைத் திருத்தவும் விதிகள் இடம் கொடுத்தன. 19 நகர்த்தல்களில் முடிந்த ஆறாவது ஆட்டத்தில் இயந்திரம் குதிரையைப் பலிகொடுத்தது, தானே கணக்கிட்டுக் கண்டுபிடித்ததன்று. தொகுப்பில் மனிதர்கள் எழுதி வைத்தது. அதை அன்று காலையில்தான் சேர்த்தோம் என்று அந்த அணியில் இருந்த மிகேல் இயெஸ்காஸ் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பேட்டியில் சொன்னார். விநாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் இயந்திரத்தைவிட, அதன் பின்னால் இரவில் உட்கார்ந்து வேலை செய்த மனிதர்களைத்தான் காஸ்பரோவ் உண்மையில் எதிர்கொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாவது ஆட்டத்தில் மனிதத் தலையீடு இருந்திருக்கலாம் என்று அவர் ஐயப்பட்டார். அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை, நானும் அதை நம்பவில்லை. ஆனால் போட்டியை நடத்தியவரும் எதிராளியும் ஒரே நிறுவனமாக இருந்ததும், இயந்திரத்தின் கணக்கீட்டுப் பதிவுகளை அவர் கேட்டபோது உடனே தராமல் பின்னர் வெளியிட்டதும், மறுபோட்டிக்கு வழியில்லாமல் இயந்திரத்தை ஓய்வுக்கு அனுப்பியதும் ஐயத்துக்குத் தாராளமாகத் தீனி போட்டன. இந்த விதிகளுக்கெல்லாம் காஸ்பரோவ் தாமே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. முந்தைய வெற்றி தந்த தன்னம்பிக்கையில் அவர் பேரம் பேசத் தவறினார் என்றே கருதுகிறேன்.

பஹ்ரைனில் 2002-இல் டீப் ஃபிரிட்ஸ் என்ற சதுரங்க நிரலை எதிர்கொண்ட உலகச் சாம்பியன் கிராம்னிக் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. தாம் ஆடப்போகும் நிரலின் பிரதியை முன்கூட்டியே பெற்று, அதனுடன் பழகிப் பார்த்துவிட்டுத்தான் களமிறங்கினார். முதல் நான்கு ஆட்டங்களில் 3-1 என்று முன்னிலை பெற்றபோது, இயந்திரத்துக்கு முழுமையாகப் பிடிபடாத அமைதியான நிலைகளையே அவர் தேடித் தேடி உருவாக்கினார். இது நியாயமற்றது என்று அன்று சிலர் மறுபக்கம் நின்று வாதிட்டதிலும் பொருள் உண்டு: மனிதர் இயந்திரத்தை நாள் கணக்கில் சோதித்துப் பார்க்கலாம், இயந்திரம் மட்டும் உறைந்த நிலையில் காத்திருக்க வேண்டுமா? போட்டி இறுதியில் 4-4 எனச் சமனில் முடிந்தது.

2006-இல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸுடன் மீண்டும் மோதிய போட்டியின் விதி ஒன்று, உங்கள் கேள்விக்கு நேரடியான விடையாகவே அமைந்திருந்தது. கணினி தொடக்கத் தொகுப்பிலிருந்து நகர்த்தும் வரை அதன் திரையைப் பார்க்கும் உரிமை கிராம்னிக்குக்கு இருந்தது. புத்தகத்தைப் பறிக்காமல், அதை இருவருக்கும் பொதுவாக்கிய இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அப்படியும் அவர் 4-2 என்று தோற்றார். இரண்டாவது ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் விழவிருந்த மேட்டை, அதாவது ராஜா தப்ப வழியின்றி ஆட்டம் முடியும் நிலையை, காணத் தவறினார். களைப்பு, மன அழுத்தம் ஆகியவற்றைக் காரணம் காட்டி இதையும் நிபந்தனைகளின் குறையாகச் சொல்வோர் உண்டு. ஓய்வு நாட்களைக் கூட்டலாம் என்பது சரிதான். ஆனால் களைப்படையாத எதிராளி என்பதே இத்தகைய போட்டியின் பொருளாக இருக்கும்போது, அதை ஈடுகட்ட எந்த விதியாலும் இயலாது.

அதற்குப் பின் சமநிபந்தனைப் போட்டிகளில் ஆர்வம் வற்றிப்போய், கணினி தொடக்கத்திலேயே ஏதேனும் விட்டுக்கொடுத்து ஆடும் போட்டிகள் வந்தன. 2016-இல் கொமோடோ நிரலுக்கு எதிராக அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நாகமுரா ஆடிய நான்கு ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு வகைச் சலுகை அவருக்குத் தரப்பட்டது. மூன்றைச் சமன் செய்து கடைசி ஆட்டத்தில் தோற்றார். இப்போது லீலா என்ற நிரல் ஒரு குதிரை குறைவாக வைத்துக்கொண்டே கிராண்ட்மாஸ்டர்களை வேக ஆட்டங்களில் வெல்கிறது. ஆனால் அதே குதிரைச் சலுகையுடன் பல மணி நேரம் நீளும் ஆட்டத்தில் வலுவான கிராண்ட்மாஸ்டரை வீழ்த்துவது கணினிக்கு மிகக் கடினம். ஆகவே இன்று இத்தகைய போட்டியின் நியாயத்தைப் பற்றிப் பேசுவோர், எந்தக் காய் என்று கேட்பதற்கு முன் கடிகாரத்தில் எத்தனை நிமிடங்கள் என்று கேட்பது நல்லது.