வாசகர் கேள்வி–பதில்: காய்ந்த சீமையின் பேரிடர்க் கணக்கு

கேள்வி: எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலோரம். ஊருக்கு எந்தப் பேரிடரால் எவ்வளவு அபாயம் என்று கிராம சபையில் வைக்கப் பட்டியல் போடுகிறோம். வருவதற்கான வாய்ப்புக்கு 5 வரை, இழப்புக்கு 5 வரை மதிப்பெண் வைத்துப் பெருக்கினால் வறட்சி முதலில் நிற்கிறது, புயல் அடியில் போய்விடுகிறது. சரிதானா?
– வார்டு உறுப்பினர் ஒருவர்

பதில்: பெருக்கல் சரி, ஒரே பட்டியலாகப் போட்டதுதான் தப்பு. வருஷா வருஷம் வந்து கொஞ்சம் கெடுப்பதும் (5×1), எப்போதோ வந்து ஊரையே துடைத்துப்போவதும் (1×5) ஒரே 5 வாங்கிவிடும். 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய வாரம் தனுஷ்கோடிக்கும் இந்த முறையில் அந்த 5தான் கிடைத்திருக்கும். உயிரை எடுப்பதற்கு ஒரு தாள், பிழைப்பைக் கெடுப்பதற்கு வேறு தாள் போடுங்கள்.

முதல் தாளில் புயலலை, அதாவது புயல்காற்று கரைக்குத் தள்ளிவரும் கடல்நீர். பாக் நீரிணையில் ஆழம் குறைவு. காற்று தள்ளும் நீர் அடியோட்டமாகத் திரும்ப இடமில்லாமல் கரையேறும். ஆகவே காற்றின் வேகத்தைவிட உங்கள் வாசற்படியின் உயரமே முக்கியம். அதை அளக்கக் கொத்தனாரின் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் குழாய்) போதும். ஐப்பசி, கார்த்திகை அமாவாசையில் ஓதம் (கடல் ஏற்றம்) ஏறி நிற்கும் கோட்டில் கம்பு நட்டு, 15 மீட்டர் டியூபால் கட்டம் கட்டமாக வீடுவரை வாருங்கள். டியூபுக்குள் ஒரு குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். தண்ணீரில் சொட்டு நீலம் விட்டால் குமிழி தெரியும். பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தாலும் பிசகும், அதனால் விடியற்காலையே நல்லது. முடிந்ததும் அளந்துகொண்டே கம்புக்குத் திரும்புங்கள். 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டியதுதான்.

அந்தக் கம்பு நட்ட கோட்டிலிருந்து 2 மீட்டர் உயரத்துக்குக் கீழுள்ள வீடுகளைச் சிவப்பில் குறித்து, நடக்க முடியாதவர் யார், யார் வண்டியில் போவார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். புயல் காப்பகத்துக்குப் போகும் சாலையின் பள்ளத்தையும் அளங்கள். காப்பகம் மேட்டில் இருக்கும், வழியில் தரைப்பாலம் முதலில் முழுகும். பல ஊர்த் திட்டங்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேள்வி: வருஷத்துக்கே 80 செ.மீ. சொச்சம்தான் மழை. வெள்ளத்தையும் கணக்கில் சேர்க்கணுமா?

பதில்: கட்டாயம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ. அளவுக்குக் கொட்டியது, ஏறக்குறைய அரை வருஷ மழை. சராசரியைத் தூக்கி ஓரம் வையுங்கள். கண்மாய்க் கலுங்கை (மிச்ச நீர் வழிந்து வெளியேறும் இடத்தை) போய்ப் பாருங்கள்: கூடத் தண்ணீர் நிற்கட்டும் என்று மணல் மூட்டை அடுக்கியிருந்தால், மிச்ச நீர் கலுங்கில் வழியாமல் கரைமேல் வழியும். மாடு இறங்கித் தேய்ந்த இடம், நண்டுவளை, எலிவளை இருக்கும் இடம்தான் முதலில் உடையும். அதே டியூபால் கரையின் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கலுங்கோடு ஒப்பிடுங்கள். கலுங்குக்குக் கீழே ஓடையைச் சீமைக்கருவேலம் அடைத்திருந்தால் வெட்டுவதோடு விடாமல் வேரோடு பிடுங்க வேண்டும். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும்.

கேள்வி: கோடையில் கிணறு உப்பாகிறது. இன்னும் ஆழப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். மோட்டார் போட்டதும் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஓடியபின் ஒருமுறை டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) பாருங்கள். ஏறினால் அடியிலிருந்து உவர்நீர் மேலே வருகிறது. ஆழப்படுத்தினால் அதற்கு இன்னும் கிட்டே போவீர்கள். குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் நல்லது; வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 உச்ச வரம்பு. சிறிய மோட்டாரால் இடைவெளி விட்டு இறையுங்கள். மாசி முதல் ஆடி வரை மாதம் ஒரு அளவு எழுதிவந்தால், பிழைப்பைக் கெடுப்பவற்றுக்கான இரண்டாவது தாளில் வறட்சிக்கு அதுவே போதும்.