டீம் லீடர் ஆன மகளும் அப்பாவின் டீக்கடையும்

ஐயா,

சிறுசேரியில் வேலை பார்க்கும் உங்கள் மகள் டீம் லீடர் ஆகியிருக்கிறாள், நல்ல சேதி. "வேலையை ஒழுங்காகப் பார்த்தால் போதாதா? மென்டார், நெட்வொர்க்கிங் என்று சனிக்கிழமையும் எதற்குக் கிளம்புகிறாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விருதுநகரில் உங்கள் ஹார்டுவேர் கடைக்கு முதல் கான்ட்ராக்டரைக் கூட்டிவந்தது டீக்கடையில் பழக்கமான ஒருவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் நெட்வொர்க்கிங். ஆபீஸிலும் சிகரெட் பிடிக்கப் போகிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் பாதி விஷயம் முடிந்துவிடும். எந்த ப்ராஜெக்ட் வருகிறது, எந்த மேனேஜர் மாறுகிறார் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஆறு மணி கேபைப் பிடிக்க ஓடுகிற பெண்ணுக்கு மெயில் வந்தால்தான் தெரியும். அதற்குள் ஆள் போட்டிருப்பார்கள்.

தோழிகள்தான் நாலு பேர் இருக்கிறார்களே என்பீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் விசாரித்ததில், அடிக்கடி பார்க்கிற ஆளால் வேலை கிடைத்தது 16.7 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற ஆட்களால். கூடவே இருப்பவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதானே தெரியும்!

மேல்மட்டத்திலும் இதே கதைதான். 2013 கம்பெனிச் சட்டம் கம்பெனி நிர்வாகக் குழுவில் பெண் இயக்குநர் வேண்டும் என்றதும், பல கம்பெனிகள் முதலாளி வீட்டுப் பெண்களையே உட்காரவைத்தன. பிறகு பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, குடும்பத் தொடர்பில்லாத சுயேச்சைப் பெண் இயக்குநர் வேண்டும் என்றது. 2020 ஏப்ரலிலிருந்து, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருப்பவற்றுக்கு அது பொருந்தும். அந்த நாற்காலிக்கும் முதலில் அடிபடுவது தெரிந்த பெயர்தான்.

சரி, மென்டாரை, அதாவது தொழிலில் வழிகாட்டும் சீனியரை, எப்படிப் பிடிப்பது? "எனக்கு மென்டாராக இருப்பீர்களா" என்று கேட்டால் எதிராளி பயந்துவிடுவார். சின்னதாகக் கேட்கச் சொல்லுங்கள்: "மேடம், முதல்முறையாக அப்ரைசல் எழுதுகிறேன். என்னைவிட சீனியரான ஒருவருக்குக் குறைவான ரேட்டிங் தர வேண்டியிருக்கிறது. இதை எப்படிப் பேசுவீர்கள்? மதியம் கேன்டீனில் பதினைந்து நிமிடம் கிடைக்குமா?" அப்புறம், சொன்னபடி செய்து பார்த்து, என்ன ஆனது என்று இரண்டு வாரத்தில் ஒரு வரி எழுத வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பதில் வந்தால்தான் அவருக்கு அடுத்த முறை சொல்லத் தோன்றும்.

இன்னொன்று. யோசனை சொல்கிறவர் வேறு, நாம் இல்லாத அறையில் நம் பெயரைச் சொல்கிறவர் வேறு. என் முதல் வேலையில் எனக்குத் தொழில் கற்றுத்தந்த இரண்டு சார்கள் இருந்தார்கள். பிரமோஷன் பேச்சு வந்தபோது இருவருமே வாய் திறக்கவில்லை. கோபித்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்று நான் ஒரு நாளும் அவர்களிடம் சொன்னதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. உங்கள் மகள் வாய்விட்டுச் சொல்லட்டும்.

பெண்கள் மட்டும் கூடும் குழுக்கள் நல்லவை. சம்பளம், பேறுகால விடுப்பு முடிந்து திரும்புவது பற்றியெல்லாம் அங்கேதான் மனம்விட்டுப் பேச முடியும். ஆனால் ஆள் போடுகிற அதிகாரம் பல இடங்களில் இன்னும் ஆண்களிடம் இருக்கிறது. அவர்களில் ஒன்றிரண்டு பேரையாவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ராத்திரிக் கூட்டம் உங்களுக்கு நெருடினால் போகாதே என்று தடுக்காதீர்கள். மதியச் சாப்பாட்டு வேளைக்கு மாற்ற முடியுமா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.