சீலிங் ஸ்பீக்கரும் சவுண்ட்பாரும் ஒத்துப்போகுமா?

கேள்வி: செந்தூலில் பழைய கொண்டோ ஒன்று வாங்கியிருக்கிறோம். ஹால் கூரையில் முந்தைய வீட்டுக்காரர் பதித்த நான்கு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. வயர்கள் டிவி கேபினட்டுக்குப் பின்னால் வந்து நிற்கின்றன. எங்களிடம் சப்வூஃபரோடு (தாழ்ந்த 'டும்' ஒலிக்கான பெட்டி) ஒரு சவுண்ட்பார் உண்டு. இரண்டையும் சேர்த்தால் ஹோம் தியேட்டர் ஆகிவிடுமா? சவுண்ட்பாரில் அந்த வயரை எங்கே மாட்டுவது என்றே தெரியவில்லை.

பதில்: தேடிக் களைக்காதீர்கள், அநேகமாக அப்படி ஓர் இடமே அதில் இருக்காது. சவுண்ட்பாருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப், ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் கருவி) தன் சொந்த ஸ்பீக்கர்களை மட்டும்தான் ஓட்டும். கூரையில் இருப்பவற்றுக்குள் ஆம்ப் கிடையாது. வெளியிலிருந்து ஒன்று வேண்டும்.

"அப்படியென்றால் ஒரு சின்ன ஆம்ப் வாங்கி, டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து அதற்கு இழுத்துவிட்டால்?" என்பீர்கள். புக்கிட் மெர்தாஜாமில் என் மச்சான் வீட்டில் நானே செய்து பார்த்தேன். வில்லன் ஒருமுறை மிரட்டினால் வீட்டில் இருமுறை கேட்டது, முதலில் தலைக்கு மேலே, அடுத்து டிவிக்குக் கீழே. கோயில் திருவிழாவில் பக்கத்துக் கம்பத்துக் குழாய் பாடியதைத் தூரத்துக் குழாய் திருப்பிப் பாடுமே, அதே கதைதான். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் நகரும். 34 மீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கும் குழாய் 100 மில்லிசெகண்ட் பிந்தும். வீட்டில் தூரம் இல்லை. ஆனால் சவுண்ட்பார் ஒலியைப் பிரித்து அலசி வெளியே விட நேரம் எடுத்துக்கொள்கிறது. பேச்சில் இந்த இடைவெளி 30, 40 மில்லிசெகண்டைத் தாண்டினால் காது அதை எதிரொலியாகப் பிடித்துவிடும். ஆம்புக்கு புளூடூத்தில் அனுப்பினால் இன்னும் மோசம்.

எப்படியோ நேரத்தைச் சரிக்கட்டினாலும், ஒரே வசனம் முன்னாலும் மேலேயும் வந்தால் பேசுகிறவர் திரையில் இருக்க, குரல் மின்விசிறியிலிருந்து வருவதுபோல் இருக்கும். ஹோம் தியேட்டரில் கூரைக்கு வேறு வேலை: மழை, ஹெலிகாப்டர், மேலே பறக்கும் பறவை. எந்த ஒலி எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று ஒரே மூளைதான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் யோசனையில் மூளை இரண்டு, அதுதான் சிக்கல்.

எதையும் வாங்குவதற்கு முன் கூரையில் இருப்பது என்ன வகை என்று பாருங்கள். ஏணி போட்டு, வலைமூடியை மெல்ல நெம்பி எடுத்து ஸ்பீக்கரை இறக்கினால் பின்பக்கம் எழுத்து தெரியும். '8 ஓம்' (மின்தடை அளவு) என்றிருந்தால் நல்லது. '100V, 3W, 6W' (வோல்ட், வாட்) என்று படிகளாக இருந்து, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், அது கடைத்தொகுதியில் அறிவிப்புக்கு வைக்கும் வகை. சினிமாவுக்கு ஆகாது. ஏணி ஏற மனமில்லையா? கேபினட்டுக்குப் பின்னால் தொங்கும் வயர் ஜோடியில் மல்டிமீட்டரை (மின்தடை அளக்கும் கருவி) வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 6, 7 ஓம் அளவில் காட்டும். அப்புறம் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை வயர் நுனிகளில் தொட்டுத் தொட்டு எடுத்தால் மேலே 'டப்' என்று சத்தம் வரும். எந்த வயர் எந்த மூலைக்குப் போகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

8 ஓம் என்று உறுதியானால் சரியான வழி ஏவி ரிசீவர், அதாவது ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கர்களையும் தானே ஓட்டும் ஒரே பெட்டி. சவுண்ட்பார் படுக்கையறை டிவிக்குப் போகட்டும். அதன் சப்வூஃபரும் கூடவே போகும். வயர்லெஸ் என்றால் அது அந்த பாரோடு மட்டும்தான் பேசும். டிவிக்கு இருபுறமும் நடுவிலும் மூன்று ஸ்பீக்கர், தனி சப்வூஃபர் ஒன்று. செலவில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத இடம் நடு ஸ்பீக்கர். வசனம் முழுக்க அதில்தான். சோஃபாவுக்குச் சற்று முன்னால், தலைக்கு மேலே இருக்கும் ஜோடி டால்பி அட்மாஸின் (மேலிருந்தும் ஒலி தரும் முறை) உயர ஒலிக்குப் பொருந்தும். பின் ஜோடியை சரவுண்டாக (பக்கத்திலும் பின்னாலும் சூழும் ஒலிக்கு) வைத்துக்கொள்ளலாம். சரவுண்ட் காது மட்டத்தில் இருப்பதே முறை என்றாலும், சுவரை உடைக்க மனம் வராத கொண்டோவில் நான் இதற்குச் சம்மதிப்பேன். இந்த 5.1.2 அமைப்புக்கு (முன்னும் சரவுண்டுமாக ஐந்து, சப்வூஃபர் ஒன்று, உயர ஸ்பீக்கர் இரண்டு) ரிசீவரில் குறைந்தது ஏழு சேனல் வேண்டும். டிவியில் 'eARC' என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளை வழியாக ரிசீவருக்கு ஒலியை இழுங்கள். ஆப்டிகல் கேபிளில் அட்மாஸ் வராது.

பாரைப் பிரிய மனமில்லை என்றால் ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன். உங்களுடையது சோனோஸ் நிறுவனத்தின் ஆர்க் அல்லது பீம் சவுண்ட்பார் என்றால், அதே நிறுவனத்தின் சோனோஸ் ஆம்ப் வாங்கி ஒரு ஜோடி கூரை ஸ்பீக்கரைப் பின்பக்க சரவுண்டாக அதோடு இணைக்கலாம். நேரக் கணக்கை அவையே பார்த்துக்கொள்ளும். ஆனால் அட்மாஸ் உயர ஒலி அந்தக் கூரை ஸ்பீக்கர்களில் வராது.

இவ்வளவு செலவு இப்போது வேண்டாம் என்றால், சேர்க்கவே சேர்க்காதீர்கள். படத்துக்கு சவுண்ட்பார். கூரைக்கு ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்ப். காலையில் மின்னல் எஃப்எம், வெள்ளிக்கிழமை பக்திப் பாடல் என்று ஹால் முழுக்க ஒரே சீராகக் கேட்கும். கூரை ஸ்பீக்கர் உண்மையில் கெட்டிக்காரத்தனம் காட்டுவது இந்த வேலையில்தான். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதில்தான் தொடங்குவேன். நான்கையும் ஒரே ஆம்பில் மாட்டுவதென்றால் மட்டும் ஒரு கவனம்: இரண்டு 8 ஓம் பக்கவாட்டில் சேர்ந்தால் 4 ஓம் ஆகிவிடும். ஆம்பின் பின்பக்கம் 4 ஓம் தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். புடுவில் மின்னணுக் கடைகள் இருக்கும் ஜாலான் பாசார் பக்கம் போவதாக இருந்தால், ஸ்பீக்கரின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் பாதிப் பேச்சு மிச்சம்.