முதல் செவி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் இதை எழுதுகிறேன். எனக்கு வயது 37. 13 வயதில், எங்கள் குடும்பத்துக்கு மிக நெருங்கிய ஒருவர் என்னிடம் அத்துமீறினார். அன்று மாலையே சித்தியிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, ‘இதை இத்தோடு விட்டுவிடு, யார் காதிலும் போட்டுவிடாதே’ என்றார். அதன்பின் இந்த 24 ஆண்டுகளில் அம்மா உட்பட ஒருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. திருமணமாகிப் பத்தாண்டுகள் ஆகின்றன, கணவருக்கும் தெரியாது.

தங்களுக்கு நேர்ந்ததைப் பெயரோடும் முகத்தோடும் எழுதுகிறவர்களை வாசிக்கும்போது அவர்கள்மீது மதிப்பும் என்மீது வெறுப்பும் சேர்ந்தே வருகின்றன. சொல்லும் துணிவு எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. சென்ற மாதம் ஒரு தோழியிடம் சொல்லத் தொடங்கினேன். இரண்டு சொல்லுக்குமேல் வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. வேறு எதையோ பேசிச் சமாளித்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். புறப்படும்போது, ‘எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்’ என்று மட்டும் சொன்னாள். இதைக்கூடச் சொல்ல முடியவில்லையே என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

சித்திக்கு இப்போது வயதாகிவிட்டது. என்மீது மிகுந்த அன்பு உள்ளவர். அவரைப் பார்க்கும்போதெல்லாம், அன்று ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க வேண்டும்போல இருக்கிறது. நான் கோழையா? துணிவை எங்கிருந்து வரவழைப்பது? எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டுவிட்டால் இந்தப் பாரம் இறங்குமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை நீக்கிவிட்டே இங்கே வெளியிட்டிருக்கிறேன். மற்ற எதையும் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்: நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். அன்று நடந்ததில் உங்கள் பிழை என்று எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்துக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. நீங்கள் அதைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறீர்கள். நடந்த அன்று மாலையே சித்தியிடம் சொன்னேன் என்று முதற்பத்தியில் எழுதிவிட்டு, சொல்லும் துணிவு எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்று அடுத்த பத்தியில் எழுதுகிறீர்கள். 13 வயதுச் சிறுமி ஒருத்தி, தனக்கு நேர்ந்தது இன்னதென்று பெயரிட்டுச் சொல்லும் சொற்கள்கூடக் கைவசம் இல்லாத பருவத்தில், பொழுது சாய்வதற்குள் ஒரு பெரியவரைத் தேடிச் சென்று தன் வாயால் சொல்லியிருக்கிறாள். வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அது கைகூடியிருக்கும்? துணிவு அந்தச் சிறுமியிடம் இருந்தது. அவள் சொன்னதை வாங்கிக்கொள்ள ஒரு செவி இல்லாமல் போயிற்று. இத்தனை ஆண்டுகளாக நீங்கள் உங்கள்மீது சுமத்திவரும் குற்றச்சாட்டு, ஆள் மாறிச் சுமத்தப்பட்டது.

இத்தாலிய எழுத்தாளர் பிரைமோ லெவி நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அடைபட்டிருந்தபோது அவருக்கு ஒரு கனவு திரும்பத் திரும்ப வந்தது. அவர் வீடு திரும்பிவிட்டார். தங்கையும் நண்பர்களும் சூழ்ந்திருக்க, முகாமில் பட்டதையெல்லாம் சொல்கிறார். அவர்களோ செவிகொடுக்காமல் தங்களுக்குள் வேறு எதையோ பேசிக்கொள்கிறார்கள். தங்கை அவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறாள். உடனிருந்த நண்பரிடம் இதைச் சொன்னபோது, அவருக்கும் அதே கனவு வருவதாகத் தெரிந்தது. பசியும் குளிரும் சாவும் சூழ்ந்த இடத்தில் அந்த மனிதர்களின் உறக்கத்தைக் கலைத்தது, சொன்னால் கேட்கமாட்டார்களோ என்ற அச்சம். விடுதலையான பின் லெவி எழுதிய நூலைப் பெரிய பதிப்பகம் ஒன்று மறுத்துவிட்டது. 1947இல் சிறிய பதிப்பகம் ஒன்று 2,500 படிகள் அச்சிட்டது. முன்பு மறுத்த பதிப்பகமே 1958இல் அதை மீண்டும் வெளியிட்ட பிறகுதான் அந்த நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. இடைப்பட்ட 11 ஆண்டுகளில் லெவியின் துணிவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேட்க ஆயத்தமாக இருந்தவர்கள் பெருகியிருந்தார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு அந்தக் கனவு விழித்திருக்கும்போதே, 13 வயதில் நடந்துவிட்டது. அதனால் உண்டான காயம் தனிவகையானது. பெரியவர் ஒருவர் ‘யார் காதிலும் போட்டுவிடாதே’ என்று சொல்லும்போது, இவர் பயந்துபோயிருக்கிறார், என்ன செய்வதென்று இவருக்கே தெரியவில்லை என்று ஒரு குழந்தையால் எண்ணிப் பார்க்க முடியாது. நான் சொன்னதுதான் தவறு என்றே அது எடுத்துக்கொள்ளும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடையே நடந்த ஆய்வுகள் பலவும் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சொன்னபோது நம்ப மறுக்கப்பட்டவர்களும், பழி சுமத்தப்பட்டவர்களும், வாயடைக்கப்பட்டவர்களும் பின்னாளில் கூடுதலான மனத்துன்பத்துக்கு உள்ளாகிறார்கள்; அவர்களில் பலர் அதன்பின் நெடுங்காலம் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். சென்ற மாதம் உங்கள் தொண்டையை அடைத்தது 24 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மாலை. அதைக் கோழைத்தனம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

கேட்பவர் தவறிவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு என்னிடமே சான்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் தம் இளமையில் நேர்ந்த ஒன்றை என்னிடம் சொல்லத் தொடங்கினார். ‘அப்போதே ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டேன். அக்கறையோடுதான் கேட்டேன், ஆனால் அவர் காதில் அது குறுக்கு விசாரணையாக விழுந்தது. பேச்சை மாற்றிக்கொண்டார். மீண்டும் அதைத் தொடவே இல்லை. கேட்பதற்கு எனக்கும் முகமில்லை. ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை, ஏன் இவ்வளவு நாள் கழித்து என்ற கேள்விகள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவையே. அச்சத்தின் உச்சத்தில் உடல் அசைவற்று உறைந்துபோவது, எதிர்ப்பதையும் ஓடுவதையும் போலவே உயிரினங்களின் தற்காப்பு இயல்புகளில் ஒன்று; மனிதர் அதைத் தேர்ந்து செய்வதில்லை. அப்படிப்பட்ட நேரத்து நினைவு வரிசை தப்பித் துண்டுதுண்டாகப் பதிவதும் உண்டு. அதனால் சொல்லும்போது முன்பின்னாகக் குழம்பினால், பொய் சொல்வதாகத் தோன்றிவிடுமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

‘நானும்தான்’ என்று பொருள்படும் ‘மீ டூ’ என்ற சொல், உலகெங்கும் பரவிய 2017க்கு நெடுநாள் முன்பே, 2006இல் அமெரிக்கச் செயற்பாட்டாளர் தரானா பர்க்கால் பயன்படுத்தப்பட்டது. அதன் பிறப்பிலும் செவிகொடுக்கத் தவறிய ஒரு கணம் இருப்பதை அவரே சொல்லியிருக்கிறார். 13 வயதுச் சிறுமி ஒருத்தி தனக்கு நேர்ந்த கொடுமையை அவரிடம் சொல்ல வந்தாள். பர்க்கும் அத்தகைய கொடுமைக்கு ஆளானவர்; அவரால் அதைக் கேட்டுத் தாங்க முடியவில்லை. பேச்சைப் பாதியில் நிறுத்தி, அவளை வேறொருவரிடம் அனுப்பிவிட்டார். எனக்கும் நேர்ந்தது என்று அவளிடம் ஏன் சொல்ல முடியாமல் போயிற்று என்ற கேள்வி அவரை ஆண்டுக்கணக்கில் விடவில்லை. அன்று உங்களுக்கு இருந்த வயதேதான் அந்தச் சிறுமிக்கும். உங்கள் சித்தி ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவர் ஒருவரே அறிவார். ஆனால், வாயடைக்கிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவர் செய்தது இதனால் சரியாகிவிடாது.

இனி எப்படித் தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். நம் அகப்பாடல்களில் அறத்தொடு நிற்றல் என்று ஒரு துறை உண்டு. தலைவி தன் உள்ளத்தில் மறைத்துவைத்ததைத் தோழியிடம் வெளிப்படுத்துவாள். தோழி வளர்ப்புத் தாயான செவிலிக்கும், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் அதைக் கொண்டுசெல்வார்கள். அது காதலைச் சொல்வது; உங்களுடையது வேறு. இருந்தாலும் அந்த ஒழுங்கு எனக்கு எப்போதும் வியப்பூட்டுகிறது. மறைத்ததைச் சொல்வதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் அறத்தின் பக்கம் நிற்பது. அதில் தலைவி ஊரைக் கூட்டி நிறுத்திச் சொல்ல வேண்டியதில்லை. தனக்கு மிக அணுக்கமான ஒருத்தியிடம் சொன்னால் போதும். எழுதி வெளியிடுகிறவர்களைப் பார்த்து நீங்கள் உங்களை அளந்துகொள்கிறீர்கள். அவர்களில் பலருக்கு, ஊருக்குச் சொல்லும் முன் அப்படி ஒரு தோழி இருந்திருப்பார் என்பதை மறந்துவிடுகிறீர்கள்.

அந்த ஒருவரைத் தெரிந்தெடுப்பதில்தான் உங்கள் கவனம் முழுவதும் செல்ல வேண்டும். பிறருடைய துன்பத்தைப் பற்றி அவர் உங்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைச் செய்தியில் வாசித்ததும் அவள் ஏன் அங்கே போனாள் என்று கேட்பவரிடம் உங்களுடையதைக் கொண்டுபோகாதீர்கள், அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும். அடுத்தவர் மறைபொருளை உங்களிடம் சொல்பவர் உங்களுடையதையும் சொல்வார். சொல்வதற்கு முன், அவரிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது: இதற்கு நீ வழி சொல்ல வேண்டாம், கேட்டால் போதும், உன்னோடு இருக்கட்டும். முழுவதையும் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. ‘சிறுவயதில் எனக்கு ஒன்று நேர்ந்தது, அதைச் சொல்ல எனக்குக் கடினமாக இருக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தோடு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம். எஞ்சியதை எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். அன்று உங்கள் உடல்மீது உங்களுக்கிருந்த உரிமை பறிக்கப்பட்டது. அதைப் பற்றிய பேச்சின்மீதுள்ள உரிமையையாவது இனி எவரிடமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கணவரிடம் சொல்லாதது வஞ்சகம் ஆகாது. சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல்லுங்கள்; கடமை என்று எண்ணிச் சொல்லாதீர்கள். பேரிடரிலும் விபத்திலும் தப்பியவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததை முழுக்கச் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பின்னால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது பின்விளைவுகளைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடிந்திருக்கக்கூடும் என்று தெரிந்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வேறு அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. பிறர் உங்களை வற்புறுத்தக் கூடாது என்றால், நீங்களும் உங்களை வற்புறுத்தலாகாது.

எழுதலாமா என்றால், கட்டாயம் எழுதுங்கள். வெளியிடலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு இப்போது விடை தேட வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்கள் 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தம்மை மிகவும் வருத்திய நிகழ்ச்சியையும் அதைப் பற்றிய உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த வேளையில் மனம் கனத்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. பின்வந்த ஆய்வுகளில் இந்தப் பயன் சிறிய அளவிலேயே தென்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எழுதிய உடனே பாரம் முழுவதும் இறங்கிவிடும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். அவர்கள் எழுதியது ஊர் படிப்பதற்காக அல்ல என்பதை நினைவில் வையுங்கள். வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாது. முன்பின் அறியாதவர்கள் அதைப் பற்றி எழுதுவதையெல்லாம் நீங்கள் வாசிக்க நேரும். பெயர் குறிப்பிட்டால் சட்டச் சிக்கலும் வரலாம். அதற்கு முன் உங்கள் பக்கம் இரண்டு மூன்று பேராவது நிற்க வேண்டும். வழக்குத் தொடுக்க எண்ணினால் கால வரம்பு பற்றி ஒரு வழக்கறிஞரிடம் தனியே கேளுங்கள். உறக்கம் கெட்டு, அந்த நாள் கண்முன் மீண்டும் நிகழ்வதுபோல வந்துகொண்டிருந்தால், இத்துறையில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.

சித்தியிடம் கேட்கலாம். ஆனால் அடுத்ததாக நீங்கள் பேசும் ஆள் அவராக இருக்க வேண்டாம். அவர் அழுது மன்னிப்புக் கேட்கலாம். அப்படி நான் சொல்லவே இல்லை என்று மறுக்கலாம். அன்று சொன்னதையே மீண்டும் சொல்லலாம். மூன்றையும் தாங்குவதற்கு, அவரிடம் கேட்கும் நாளின் மாலையில் நீங்கள் போய் உட்கார ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்றே நினைக்கிறேன். சென்ற மாதம் தோற்றுப்போனதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சந்திப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். நீங்கள் பேச்சை மாற்றினீர்கள். உங்கள் தோழி கூடவே மாற்றிக்கொண்டார். துருவவில்லை, ஊகிக்கவில்லை, ஆறுதல் என்ற பெயரில் எதையும் உங்கள்மேல் போடவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். காலத்தை உங்களிடமே விட்டார். என் நண்பருக்கு அன்று நான் செய்யத் தவறியதை அவர் செய்திருக்கிறார். அவரிடம் மறுபடி தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதுகூட இல்லை. ‘அன்றைக்கு ஒன்று சொல்ல வந்தேன், முடிக்கவில்லை’ என்று சொல்லுங்கள். எதைச் சொல்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும்.